சொல் போவது வேறு, வழக்கு போவது வேறு, மொழி போவது வேறு

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தும், "மெதுவா நட" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "பைய நட, பைய" என்பார். விளக்குமாறு அவருக்கு வாரியல். கைலி சாரம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதை வைத்தாலும் அது வெஞ்சனம். என் அம்மாவுக்கு இந்தச் சொற்கள் எல்லாமே தெரியும், ஆனால் ஆச்சியோடு பேசும்போது மட்டும்தான் அவை அம்மாவின் வாயில் வரும். எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. என் மகள் தொடக்கநிலை இரண்டில் இருந்தபோது, படிக்கட்டில் ஓடியவளைப் பார்த்து என்னையறியாமல் "பைய, பைய" என்றேன். அவள் திரும்பி வந்து பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

ஒரே குடும்பம், நான்கு தலைமுறை, ஒரு சிறு சொல். இந்த மாதிரிக் கதை சிங்கப்பூரில் அநேகமாக எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலும் இருக்கும். கல்யாண வீட்டிலோ தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், கோப்பி குடிக்கும்போதோ பேச்சு இந்தப் பக்கம் திரும்பினால், "எல்லாம் போச்சு, தமிழே அழியுது" என்று ஒருவர் சொல்வார். "காலம் மாறுது, மொழியும் மாறத்தான் செய்யும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று வெவ்வேறு நடப்புகளை ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள். பழைய சொல் ஒன்று வழக்கொழிவது ஒன்று. ஒரு வட்டாரத்தின் பேச்சு கரைந்து பொதுப் பேச்சாவது இன்னொன்று. ஒரு குடும்பம் தமிழையே விட்டு வேறு மொழிக்குப் போவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, வேகம் வேறு. தலைவலிக்கும் கால் முறிவுக்கும் ஒரே மாத்திரை தர முடியாது அல்லவா? அதனால்தான் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'டயலெக்ட்' என்ற சொல்லில் இருக்கும் குழப்பம்

முதலில் ஒரு சொல்லைத் துலக்கிக்கொள்வோம். சிங்கப்பூரில் 'டயலெக்ட்' என்றால் நம் மனதில் உடனே வருவது ஹாக்கியன், தியோச்சு, காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ். இங்கே அந்தச் சொல் அப்படித்தான் பழகிவிட்டது. ஆனால் ஹாக்கியன் மட்டுமே தெரிந்த ஒருவருக்குக் காண்டனீஸ் பேச்சு புரியாது. மொழியியல் கண்ணோடு பார்த்தால் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தனித்தனி மொழிகள் என்று சொல்வதே பொருந்தும். 1979ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு, வீட்டில் அவற்றை விட்டுவிடச் சொல்லிச் சீனக் குடும்பங்களிடம் பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லப்பட்டது. வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் அந்த மொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக எடுக்கப்பட்டன.

தமிழில் வட்டார வழக்கு என்று நாம் சொல்வது அது இல்லை. ஒரே மொழியை ஒரு பகுதி மக்கள் பேசும் விதம்தான் வட்டார வழக்கு. சில சொற்கள் வேறுபடும், ராகம் வேறுபடும், வினைச்சொல்லின் வால் வேறுபடும். 'வந்தாங்க' என்பது ஓர் ஊரில் 'வந்தாக' ஆகும், மதுரைப் பக்கம் 'வந்தாய்ங்க' ஆகும். ஆனாலும் கொஞ்ச நேரம் காது பழகினால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்துவிடும்.

வீட்டுச் சாம்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் தேங்காய் அரைத்து விடுவார்கள், இன்னொரு வீட்டில் வெறும் பொடி மட்டும், மற்றொரு வீட்டில் கடைசியில் ஒரு துண்டு வெல்லம். எல்லாமே சாம்பார்தான். பாட்டியைக் கூப்பிடும் முறையும் அப்படித்தான். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அப்பாவின் அம்மா அப்பாயி. மதுரை, சிவகங்கைப் பக்கம் அப்பத்தா. யாழ்ப்பாணத்தில் அப்பம்மா. திருநெல்வேலியிலும் செட்டிநாட்டிலும் ஆச்சி என்ற சொல் உண்டு. தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் அம்மாவின் அம்மா உம்மம்மா.

இத்தோடு இன்னொரு சொல்லையும் அறிமுகம் செய்துவிடுகிறேன்: இரட்டை வழக்கு. எழுதுவதற்கு ஒரு தமிழும் பேசுவதற்கு ஒரு தமிழும் வைத்துக்கொண்டு, இரண்டையும் அதனதன் இடத்தில் பயன்படுத்துவது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதுகிறோம், 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று பேசுகிறோம். இது எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு. வட்டார வழக்கோ பேச்சுக்குள்ளேயே ஊருக்கு ஊர் இருக்கும் வேறுபாடு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், எழுத்துத் தமிழே அசல் என்றும் ஊர்ப்பேச்சு அதன் கெட்டுப்போன வடிவம் என்றும் பலர் நம்புகிறார்கள்.

கெட்டுப்போன தமிழா?

இந்த நம்பிக்கை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ஏனென்றால் ஆச்சியே அதை நம்பினார். "நாங்க பேசுறது பட்டிக்காட்டுப் பேச்சு, பிள்ளைக்கு நல்ல தமிழாச் சொல்லிக் குடு" என்பார்.

அவர் சொன்ன 'பைய' எங்கே இருக்கிறது தெரியுமா? திருக்குறளில் இருக்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில், 1098ஆம் குறள், 'பசையினள் பைய நகும்' என்று முடிகிறது. அவள் மெல்லச் சிரித்தாள் என்று பொருள். பாடப்புத்தகத்தில் 'மெதுவாக' என்று இருப்பதால் அதுதான் நல்ல தமிழ், 'பைய' கொச்சை என்று நினைத்துக்கொண்டோம்.

இதைவிடப் பெரிய சான்று ஒன்று யாழ்ப்பாணத் தமிழில் இருக்கிறது. பேசுபவருக்குப் பக்கத்தில் இருப்பது 'இது', இருவருக்கும் தள்ளி இருப்பது 'அது'. சரி, கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதை எப்படிச் சொல்வது? நம்மில் பெரும்பாலானோருக்கு அதற்குத் தனிச்சொல் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு உண்டு: 'உது'. "உதென்ன கையில?" என்று கேட்டால், உன் கையில் இருக்கும் அந்தப் பொருள் என்ன என்று அர்த்தம். உவன், உவள், உங்கே எல்லாம் இந்த வரிசைதான். தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்துகளாகச் சொல்கிறது. மற்ற ஊர்ப் பேச்சுகள் மூன்றில் ஒன்றை என்றோ தொலைத்துவிட்டன. ஒரு வட்டார வழக்கு அதைத் தினசரிப் பேச்சில் காப்பாற்றி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் சிங்கப்பூருக்குப் புதியவர்கள் இல்லை. இலங்கைத் தமிழர் சங்கம் இங்கே 1910லேயே தொடங்கியது. ஆனால் அந்தக் குடும்பங்களின் இளையவர் ஒருவர் 'உது' என்று சொல்வதைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆக, வட்டார வழக்கு என்பது மொழியின் ஒரு முழுமையான வடிவம். எழுத்துத் தமிழில் இல்லாத பழமையும் நுட்பமும்கூட அதில் இருக்கலாம். இனி, மூன்று விதமான மறைவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வகை: சொல் போவது

இது எளிதில் புரியக்கூடியது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பொருள் வாழ்க்கையை விட்டுப் போனால் அதன் பெயரும் கொஞ்ச காலத்தில் போகும். இதைத்தான் வழக்கொழிதல் என்கிறோம். அம்மி போனது, குழவி என்ற சொல்லும் மங்கியது. இங்கே கம்பம் என்றால் மலாய்க் 'கம்போங்'கிலிருந்து வந்த சொல், கிராமக் குடியிருப்பு என்று பொருள். கம்பங்கள் போய் அடுக்குமாடி வீடுகள் வந்தன, "கம்பத்து வீடு" முதியவர்களின் நினைவில் மட்டும் நிற்கிறது. ரப்பருக்குக் 'கித்தா' என்ற சொல்லும் மலாயிலிருந்து வந்ததுதான். ரப்பர்த் தோட்டத்தோடு அதுவும் போய்விட்டது. மார்க்கெட் ஸ்திரீட்டைச் செட்டித்தெரு என்று சொன்ன காலத்தில் அங்கே நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு தரையில் அமர்ந்து தொழில் செய்த இடம் கிட்டங்கி. நகர மறுசீரமைப்பில் கட்டடங்கள் இடிபட்டபோது கிட்டங்கி, பெட்டியடி, அடுத்தாள் என்று ஒரு தொழிலின் சொல்தொகுதியே ஆதரவில்லாமல் போனது.

சொற்களைவிடச் சொற்றொடர்கள் போவதுதான் கவனிக்க வேண்டியது. சொற்றொடர் ஒரு பொருளைக் குறிப்பதோடு நிற்பதில்லை, மனிதர்களுக்கு இடையே நடக்கும் ஒரு செயலைச் செய்கிறது.

"கை நனைக்காமப் போறீங்களே" என்பதை எடுத்துக்கொள்வோம். சாப்பிடாமல் கிளம்புகிறீர்களே என்பது மேலோட்டமான பொருள். ஆனால் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அந்த வீட்டோடு உறவு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் உறுதியாகும்வரை கை நனைக்க மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்ட பங்காளி வீட்டில் கை நனைத்துவிட்டால் சண்டை முடிந்தது என்று பொருள். இந்த ஒரு தொடருக்குள் இலையில் சாப்பிடுவது, சாப்பிடும் முன் கை கழுவுவது, யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்ற கணக்கு எல்லாம் அடங்கியிருக்கிறது. இப்போது பெண் பார்க்கும் சந்திப்பே உணவகத்தில் நடக்கிறது. உணவு வந்துவிடுகிறது, எல்லாரும் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்தத் தொடர் செய்துவந்த வேலை அங்கே இல்லை. வேலை இல்லாத சொற்றொடர் அடுத்த தலைமுறைக்குக் காதில் விழும் வாய்ப்பே இல்லை.

"பசியாறியாச்சா?" என்பதும் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தமிழ்நாட்டில் செட்டிநாட்டிலும் தமிழ் முஸ்லிம்களிடமும் இது உண்டு. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் அது இன்னும் குறுகிய பொருளில், காலை உணவு சாப்பிடுவதற்கே உரிய சொல்லாக நின்றது. காலையில் யாரையாவது பார்த்தால் முதல் வார்த்தை அதுதான். இன்றும் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்கலாம். இளையவர்கள் "பிரேக்ஃபாஸ்ட் ஆச்சா?" என்கிறார்கள். காலை உணவு எங்கும் போய்விடவில்லை. பொருள் இருக்கும்போதே சொல் போகிறது என்றால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது. அது இரண்டாம் வகை.

இரண்டாம் வகை: வழக்கு போவது

சாம்பாருக்கே திரும்பி வருகிறேன். கோயிலில் ஆயிரம் பேருக்கு அன்னதானம் என்றால் சமையல்காரர் என்ன செய்வார்? தேங்காய் அரைத்த சாம்பாரும் வைக்க மாட்டார், வெல்லமும் போட மாட்டார். எல்லாருக்கும் ஒத்துவரும்படி ஒரு நடுவான சாம்பார் வைப்பார். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் அது எந்த வீட்டுச் சாம்பாரும் இல்லை.

பேச்சிலும் இதுவே நடக்கிறது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் தினமும் கலந்து பேசும்போது, எதிரில் இருப்பவருக்குப் புரியாத சொல்லையும் சிரிப்பை வரவழைக்கும் ராகத்தையும் ஒவ்வொருவரும் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள். இதற்கு இசைந்து பேசுதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. 'வாரியல்' என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியவில்லை, அவருக்கு அது சீமாறு. அதனால் இருவரும் விளக்குமாறு என்கிறார்கள். ஒரு நாளுக்கு இப்படிப் பத்து விட்டுக்கொடுத்தல்கள் என்றால் முப்பது வருடத்தில் என்ன மிஞ்சும்? ஊர்க்கூறுகள் தேய்ந்து எல்லாருக்கும் பொதுவான ஒரு பேச்சு உருவாகிறது. இப்படித் தேய்வதை வழக்குச் சமனாதல் என்றும், அதிலிருந்து பிறக்கும் புதுப் பேச்சைக் கலவை வழக்கு என்றும் சொல்லலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் நெருக்கமாக வாழ்ந்தால் சமனாதல் மெதுவாகத்தான் நடக்கும். வீட்டு வாசலைத் தாண்டினாலும் அதே பேச்சு கேட்கும், விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. பழைய சிங்கப்பூர் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நகரத்தார் செட்டித்தெருவிலும், 1859ல் கட்டப்பட்ட டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைச் சுற்றியும் கூடினார்கள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. கடையநல்லூர்க்காரர்கள் 1941லேயே தங்களுக்கென ஒரு முஸ்லிம் லீக் அமைத்துக்கொண்டார்கள் என்றால் அந்த ஊர்ப்பற்று எவ்வளவு திடமாக இருந்திருக்கும் பாருங்கள். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தைச் சுற்றித் தமிழரும் மலையாளிகளும் குடியிருந்தார்கள். சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலை மையமாக வைத்து யாழ்ப்பாணத் தமிழர்கள் கூடினார்கள்.

1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் குடிசைகளும் கடைவீடுகளும் கம்பங்களும் காலியாகி, மக்கள் தீவு முழுவதும் புதுநகர்களுக்குப் போனார்கள். 1971ல் பிரிட்டிஷ் படை விலகியதும் கடற்படைத்தளக் குடும்பங்களும் கலைந்தன. 1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தபின் எந்தப் புளோக்கிலும் எந்த இனமும் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் போக முடியாது. பல இனத்தவரும் சேர்ந்து வாழ இது பெரிதும் உதவியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேச்சுக்கு என்ன ஆனது என்று மட்டும் பாருங்கள். ஆச்சிக்குத் தஞ்சோங் பகாரில் கதவைத் திறந்தால் ஊர்ப்பேச்சு பேச நான்கு பேர் இருந்தார்கள். நாங்கள் ஈசூன் புதுநகருக்கு மாறியபோது எங்கள் மாடியில் இருந்த இன்னொரு தமிழ்க் குடும்பம் தஞ்சாவூர்க்காரர்கள். அவர்களோடு ஆச்சி பேசிய தமிழே வேறு. மெல்லிதாக, கவனமாக, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு தமிழாக இருந்தது.

திருமணம் இன்னொரு பெரிய காரணம். பெற்றோர் இருவரும் ஒரே ஊர்ப்பேச்சுக்காரர்களாக இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது நடுவான பேச்சுதான். அப்பத்தாவா ஆச்சியா என்ற கேள்வி வரும்போது, யார் மனமும் நோகாமல் 'பாட்டி' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பலர் தவறாகப் பேசுகிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. தமிழ்வழிப் பள்ளிகளில் கடைசியாக இருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982ல் மூடப்பட்டது. அதன்பின் தமிழ் ஒரு பாடமாக மட்டும் இருக்கிறது. நெடுங்காலம் அந்தப் பாடத்தில் எழுத்துத் தமிழே ஆட்சி செய்தது. 2005ல் நடந்த பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் முறையான இடம் கிடைத்தது. இது நல்ல மாற்றம், பிள்ளைகள் வாய் திறந்து பேசினால்தான் மொழி நிற்கும். ஆனால் அங்கே கற்றுத்தரப்படுவது படித்தவர்கள் பொது இடத்தில் பேசும் பொதுவான பேச்சு. அது யாருடைய ஆச்சியின் பேச்சும் இல்லை. வகுப்பறையால் அதைத்தான் தர முடியும். ஊர்ப்பேச்சைத் தர வேண்டிய இடம் வீடு. அதற்குப் பள்ளியைக் குறை சொல்வது நியாயமில்லை.

இந்தச் சமனாதலில் இழப்பு மட்டும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு புதுப் பேச்சும் பிறந்தது. வெள்ளி என்றால் நமக்கு டாலர். கோப்பி, தேக்கா, பசார் (சந்தை), தவுக்கே (முதலாளி), பசியாறுதல் எல்லாம் சேர்ந்த சிங்கப்பூர்த் தமிழ் அது. திருநெல்வேலியும் தஞ்சாவூரும் யாழ்ப்பாணமும் மலாயும் ஹாக்கியனும் கலந்து இந்த மண்ணில் உருவான கலவை வழக்கு. எனக்கு அதுவே தாய்மொழி.

இப்போது அதே சமனாதல் இந்தக் கலவை வழக்கின்மேலும் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களோடு பேசும்போது 'அஞ்சு வெள்ளி' என்றால் சிலர் ஒரு கணம் தயங்குவார்கள். உடனே நாமே 'அஞ்சு டாலர்' என்று மாற்றிக்கொள்கிறோம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் சென்னைப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவருகின்றன, பிள்ளைகள் 'செம' என்கிறார்கள். வந்தவர்கள்மேல் தவறில்லை. ஆச்சி தஞ்சாவூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த மாதிரியே நாமும் விட்டுக்கொடுக்கிறோம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சொல் போவதற்குக் காரணம் வாழ்க்கை மாறுவது. வழக்கு போவதற்குக் காரணம் மக்கள் கலப்பது. இரண்டிலுமே பேசுபவர் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். மூன்றாவதில் அப்படியில்லை.

மூன்றாம் வகை: மொழி போவது

ஒரு சமூகம் வீட்டில் பேசும் மொழியை விட்டு இன்னொரு மொழிக்குப் போவதை மொழிநகர்வு என்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி எது என்ற கேள்வி உண்டு. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் தமிழ் என்று சொன்னவர்கள் 2010ல் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3லிருந்து 48.3க்கு ஏறியது. சீன வழக்குமொழிகள் 14.3லிருந்து 8.7க்கு இறங்கின.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். மாண்டரினுக்கு ஒரு வரி, சீன வழக்குமொழிகளுக்குத் தனியாக ஒரு வரி. தமிழுக்கு ஒரே வரிதான். அதனால் ஹாக்கியனும் தியோச்சுவும் குறைவது எண்ணாகத் தெரிகிறது, அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. திருநெல்வேலித் தமிழ் பேசிய வீடு பொதுத் தமிழுக்கு மாறினால் எந்த எண்ணும் அசையாது. நம் வட்டார வழக்குகளை விடச் சொல்லி யாரும் இயக்கம் நடத்தவில்லை. சத்தமில்லாமல் தாமாகவே போயின. யாரும் விடச் சொல்லாததால்தான், போனதையும் யாரும் கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

மொழிநகர்வு உள்ளே எப்படி வேலை செய்கிறது? இங்கேதான் பெரும்பாலானோர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். "என் பிள்ளைக்குத் தமிழ் நல்லாப் புரியும், பேசத்தான் மாட்டான்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கலாம், ஆனால் கீழே இருக்கும் வாளிக்கு வந்து சேர்வது குழாயில் வருவது மட்டும்தான். ஒருவருக்குத் தெரிந்த தமிழ் தொட்டி, அவர் வாயால் பேசும் தமிழ் குழாய். அடுத்த தலைமுறை நிரப்பிக்கொள்ள முடிந்தது குழாய்த் தண்ணீரை மட்டுமே. ஆச்சியிடம் தொட்டியும் நிறைந்திருந்தது, குழாயும் திறந்திருந்தது. அம்மாவுக்குத் தொட்டி நிறைய, குழாய் பாதி. எனக்குக் கிடைத்ததே அந்தப் பாதி, அதிலும் நான் திறந்தது கொஞ்சம். 'வெஞ்சனம்' எனக்குத் தெரியும், ஆனால் என் மகள் காதில் ஒருநாளும் விழவில்லை என்றால் அவளைப் பொறுத்தவரை அப்படி ஒரு சொல்லே இல்லை. இந்தக் கேட்டுப் புரியும் தலைமுறைதான் சங்கிலி அறும் இடம். அவர்களுக்கே அது தெரிவதில்லை, ஏனென்றால் கேட்டால் எல்லாம் புரிகிறது.

மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன

மூன்றும் தனித்தனி நடப்புகள்தான், ஆனால் ஒரே வீட்டில் நடக்கும்போது ஒன்று மற்றதை வேகப்படுத்தும். ஊர்ப்பேச்சு கொச்சை என்று ஆச்சி வெட்கப்பட்டார். அதனால் பேத்தியிடம் தயங்கித் தயங்கிப் பொதுத் தமிழில் பேசினார். அந்தத் தமிழில் அவருக்குக் கொஞ்சத் தெரியாது, திட்டத் தெரியாது, கதை சொல்லத் தெரியாது. ஆகவே பேச்சு சுருங்கியது. சுருங்கிய இடத்தை ஆங்கிலம் நிரப்பியது. வழக்கின்மேல் வந்த வெட்கம் மொழிநகர்வுக்கு வழி திறந்துவிட்டது. ஊர்ப்பேச்சை இழுக்கு என்று சொல்பவர்கள் தமிழைக் காப்பதாகவே நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு முதியவர் சரளமாகப் பேசக்கூடிய ஒரே தமிழை அவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் வரியைச் சொல்லி எல்லாவற்றையும் சமாதானம் செய்துகொள்பவர்கள். அந்த வரி முதல் வகைக்கு மிகச் சரியாகப் பொருந்தும். கித்தா போகும், கைப்பேசி வரும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் வகைக்கும் பாதி பொருந்தும். மூன்றாம் வகைக்குப் பொருந்தவே பொருந்தாது. புதியது தமிழுக்குள் புகுவதைப் பற்றித்தான் அந்த வரி பேசுகிறது. வீட்டை விட்டுத் தமிழே வெளியேறுவதற்கு அதைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

உங்கள் வீட்டில் எது நடக்கிறது?

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டில் மூத்தவரிடம் விளக்குமாற்றைக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேளுங்கள். துடைப்பம், வாரியல், சீமாறு, விளக்குமாறு, ஏதாவது ஒன்று வரும். பிறகு அப்பா அம்மாவிடம், பிறகு பிள்ளைகளிடம் கேளுங்கள். சொல் மாறி இன்னொரு தமிழ்ச்சொல் வந்தால் அங்கே சமனாதல் நடந்திருக்கிறது. தமிழ்ச்சொல்லே வராவிட்டால் அது மொழிநகர்வு. மூத்தவரே யோசித்துத் தேட வேண்டியிருந்தால் அவர் அந்தச் சொல்லை ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம். அடுத்து மெதுவாக என்பதற்கு, அப்புறம் தொட்டுக்கொள்ளும் கறிக்கு, பாட்டிக்கு, வீட்டு முற்றத்துக்கு என்று கேட்டுக்கொண்டே போகலாம். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவு செய்வதற்காக மட்டும் பேசாதீர்கள். அவர்கள் சொன்ன சொல்லை அன்றே சமையலறையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், பிள்ளை காதில் விழும்படி.

ஆச்சி போய் ஏழு வருடம் ஆகிறது. அவரோடு இருந்தபோது நான் பதிவு செய்தது ஒன்றே ஒன்று, மீன்குழம்புக்குப் பக்குவம் சொல்லும் பதினொரு நிமிடம். போன தீபாவளிக்கு முந்தின நாள் அதைப் போட்டு வைத்துக்கொண்டு சமைத்தேன். புளிக்கரைசல் ஊற்றும் இடத்தில் ஆச்சி குரல் வந்தது: "பைய ஊத்துளா, பைய." பக்கத்தில் நின்ற மகள் என் கையில் இருந்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பைய" என்றாள்.